கோப்பையைக் கலக்கிய பெண்கள்

செப்டம்பர் கடைசியில் லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள நல்ல மதுக்கூடங்கள் தங்கள் பானப் பட்டியலை மாற்றிவிடும். கோடை முழுக்க ஆட்சி செய்த எலுமிச்சையும் புதினாவும் சோடாவும் நொறுக்கிய பனிக்கட்டியும் பின்னுக்குப் போகும். ஆப்பிள், பேரிக்காய், இலவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் ஆகியவை முன்னுக்கு வரும். குடிப்பவர்கள் அதை இலையுதிர்காலக் காக்டெய்ல் என்று கேட்டு வாங்குவார்கள்.

இந்தத் தேர்வுக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வெயிலில் உடல் தண்ணீரையும் புளிப்பையும் கேட்கும். அதனால் கோடைக்கான காக்டெய்ல் உயரமான குவளையில், நிறைய பனிக்கட்டியோடு வருகிறது. இலையுதிர்காலம் முற்றும்போது அந்த நாடுகளில் மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. தாகம் குறைகிறது, உடல் சூடு தேடுகிறது. மெல்ல உறிஞ்சும்படியான சிறிய கோப்பையே போதும். ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்து நிறமேறிய விஸ்கியும் பிராந்தியும் அப்போது பொருந்துகின்றன. ஆப்பிள் அறுவடைக் காலம் என்பதால் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் நார்மண்டியின் கால்வடோஸும் நியூஜெர்சியின் ஆப்பிள்ஜாக்கும் கூட வருகின்றன. ஜாக் ரோஸ் என்ற பழைய அமெரிக்கக் கலவை இதற்கு நல்ல உதாரணம்: 60 மில்லி ஆப்பிள்ஜாக், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 15 மில்லி மாதுளைப் பாகு. பழச்சாறு சேர்ந்த கலவை என்பதால் இதைப் பனிக்கட்டியோடு குலுக்க வேண்டும். வெறும் மதுக்களும் மூலிகை ஊறிய வெர்மூத்தும் மட்டும் சேரும் கலவையைக் குலுக்கக் கூடாது. நீண்ட கரண்டியால் நிதானமாகச் சுழற்றி, குளிர்ந்ததும் வடிகட்ட வேண்டும். குலுக்கினால் காற்றுக் குமிழ்கள் ஏறிக் கலங்கிவிடும்.

புளிப்பை எதனோடு சமன் செய்வது, எந்தக் குளிருக்கு எந்தச் சரக்கு, எவ்வளவு இனிப்பு, எத்தனை நொடி கலக்குவது என்பவை எல்லாம் கைப்பழக்கத்தில் வரும் அறிவு. அந்த அறிவு யாருடைய கையில் இருந்தது, எப்போது கை மாறியது, கை மாறியபோது பெயரும் கூலியும் யாருக்குப் போயின என்பதே இந்தக் கட்டுரையில் நான் பின்தொடரும் கேள்வி.

குடியால் சீரழிந்த வீடுகளை அறிந்த தமிழ்ப் பெண்களுக்கு இந்தப் பேச்சே கசக்கும். அந்தக் கசப்பை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. கட்டுரையின் முடிவில் அங்கேதான் வந்து சேர்வேன்.

கூதிர்ப் பருவத்தின் சூடு

பருவத்துக்கேற்பப் பானத்தை மாற்றுவது நமக்குப் புதிய எண்ணம் அல்ல. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர்ப் பருவத்தை முழுதாகப் பாடும் நெடுநல்வாடையில், மக்கள் குறுகிய வாய்ச் செம்பில் இருக்கும் குளிர்ந்த நீரைத் தொடாமல் அகன்ற வாய்த் தடாவிலுள்ள நெருப்பில் குளிர்காய்கிறார்கள். உடல் வலுவுள்ள ஆண்கள் தேறல் குடித்துவிட்டு, தூவும் மழையைப் பொருட்படுத்தாமல் தெருவில் திரிகிறார்கள். பெண்கள் மாலை விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவி வழிபடுகிறார்கள். ஒரே பருவம், ஒரே நகரம். தெருவும் தேறலும் ஆணுக்கு, திண்ணைக்குள்ளான விளக்கு பெண்ணுக்கு என்ற பங்கீட்டை நக்கீரர் குற்றமாகவோ குறையாகவோ சொல்லவில்லை. இயல்பாகச் சொல்லிச் செல்கிறார். அந்த இயல்புதான் வகுப்பில் அந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் என்னை நிறுத்துகிறது.

அந்தத் தேறலை ஆக்கியது யார் என்ற கேள்விக்கு இன்னொரு பாட்டில் விடை இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்ற துறைமுகப் பட்டினத்தில், கள் காய்ச்சும் பெண்களைக் காட்டுகிறது. அவர்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து ஓடிச் சேறாகிக் கிடக்கிறது. அதில் பன்றிக் குட்டிகள் புரள்கின்றன. புலவர் உருத்திரங்கண்ணனார் அந்தப் பெண்களின் அழகைப் பாடவில்லை. அவர்கள் தொழிலிடத்தின் ஈரத்தையும் அழுக்கையும் பாடுகிறார். சங்கப் பாடல்களில் கள் விற்கும் பெண்கள் பானை சுமந்து வருகிறார்கள். அதியமானோடு ஒளவை கள்ளைப் பகிர்ந்துகொள்கிறார். ஆக்குபவளாக, விற்பவளாக, குடிப்பவளாக மூன்று இடத்திலும் பெண் இருந்தாள். பிற்காலத்து அறநூல்கள் கள்ளைக் கடிந்தபோது இந்த மூவரும் நம் நினைவிலிருந்தும் போனார்கள்.

ஐப்பசியில் நம் வீடுகளில் கிளறும் தீபாவளி மருந்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய், தேன். மழைக்காலத்தில் செரிமானம் மந்தமாகும் என்று தெரிந்து, காரத்தை இனிப்பால் கட்டி, கொழுப்பால் மென்மையாக்கிய கலவை அது. அளவு கண்ணிலும் பதம் கையிலும் இருக்கும். அதைக் கண்டுபிடித்த பெண் யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஐரோப்பியப் பெண்களின் இலையுதிர்காலக் கலவைகளுக்கும் இதே கதிதான்.

அடுப்படியிலிருந்து ஆலைக்கு

இங்கிலாந்தில் 1350க்கு முன்பு ஏல் என்ற பார்லி மதுவைக் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதை ஊர் ஊராக, ஆவணம் ஆவணமாக நிறுவியவர் வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட். ஏல் சில நாட்களில் புளித்துக் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் அடிக்கடி காய்ச்ச வேண்டியிருந்தது. மிஞ்சியதை அண்டை வீட்டாருக்கு விற்றார்கள். சமையலோடும் பிள்ளை வளர்ப்போடும் பொருந்திப் போன சிறு வருமானம் அது. பிறகு ஹாப்ஸ் என்ற பூ சேர்த்த பீர் வந்தது. ஹாப்ஸ் மதுவைக் கெடாமல் காத்தது. கெடாத சரக்கை அதிக அளவில் காய்ச்சலாம், தூரத்துக்கு அனுப்பலாம். ஆனால் அதற்குப் பெரிய கொப்பரையும் முதலும் கடனும் வேலையாட்களும் தேவை. கடன் வாங்கும் உரிமையும் தொழிற்குழுவில் இடமும் பெண்களுக்குக் குறைவாகவே இருந்தன. 1600 வாக்கில் மது காய்ச்சுவது பெரும்பாலும் ஆண்களின் தொழில் ஆகிவிட்டது. யாரும் பெண்களை ஒரே நாளில் விரட்டவில்லை. தொழில் லாபகரமானபோது அது அவர்கள் கையை விட்டு நழுவியது. நம் நாட்டில் நெசவு, பால், மீன் விற்பனை எனப் பல தொழில்களின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இது பழகிய கதை.

பெண்களிடம் மிஞ்சியது வீட்டுக்குள் செய்யும் வடிப்பு. பெரிய வீடுகளில் வடிப்பறை என்று தனி அறை இருந்தது. அங்கே வீட்டுத்தலைவியும் பணிப்பெண்களும் பன்னீரும் மருந்துச் சாறும் பழ மதுவும் தயாரித்தார்கள். இலையுதிர்காலம் அந்த அறைக்கு வேலை மிகுந்த பருவம். ஆப்பிளைப் பிழிய வேண்டும், குவின்ஸ் பழத்தைப் பாகு காய்ச்ச வேண்டும். வேலியோரத்து முட்புதரில் விளையும் ஸ்லோ பழத்தை முதல் உறைபனிக்குப் பின் பறித்து, முள்ளால் குத்தி, சர்க்கரையோடு ஜின்னில் ஊறப்போடுவது நாட்டுப்புற வழக்கம். துவர்ப்பு நீங்கிச் செந்நிறம் இறங்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அக்டோபரில் போட்டால் கிறிஸ்துமஸுக்குத் திறக்கலாம்.

இந்த அறிவு அச்சேறியபோது எழுதியவர்களில் பெண்கள் இருந்தார்கள். ஹன்னா வூலி 1661இல் முதல் நூலை வெளியிட்டார். சமையல், வீட்டு மருத்துவ நூல்கள் எழுதி வருமானம் தேடிய முதல் ஆங்கிலப் பெண்களில் ஒருவர் அவர். 1670இல் வந்த அவருடைய அரசிக்கேற்ற அலமாரி என்ற பொருள்படும் நூலில் பஞ்ச் என்ற கலவைக்குச் செய்முறை இருக்கிறது: ஒரு குவார்ட் சிவப்புத் திராட்சை மது, அரை பைண்ட் பிராந்தி, கொஞ்சம் துருவிய ஜாதிக்காய், கொஞ்சம் சர்க்கரை, ஓர் எலுமிச்சையின் சாறு. இன்றைக்கும் அக்டோபர் மாலை விருந்துக்கு ஒருவர் இதை அப்படியே கலந்து வைக்கலாம். மூன்று ஆண்டுகள் கழித்து, பதிப்பாளர் ஒருவர் அவருடைய ஒப்புதல் இல்லாமல் அவர் பெயரிலேயே வேறொரு நூலை வெளியிட்டார். அந்தப் பெயருக்குச் சந்தை மதிப்பு இருந்தது, அந்தப் பெயரின்மீது அவருக்கு அதிகாரம் இல்லை.

1747இல் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையற்கலை நூல் அந்த நூற்றாண்டின் பெரும் வெற்றிகளில் ஒன்று. பழ மது தயாரிப்பதும் காய்ச்சி வடிப்பதும் அதில் உண்டு. முதல் பதிப்பின் முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. 'ஒரு சீமாட்டி' எழுதியது என்று மட்டும் இருந்தது.

அதே காலத்தில் லண்டன் தெருக்களில் ஜின் வெள்ளமாக ஓடியது. அந்தச் சீரழிவைக் காட்ட 1751இல் வில்லியம் ஹோகார்த் செதுக்கிய 'ஜின் சந்து' என்ற படத்தின் நடுவில் போதையில் கிடப்பவள் ஒரு தாய். அவள் கையிலிருந்து குழந்தை நழுவித் தலைகீழாக விழுகிறது. கூடவே வெளியான 'பீர் தெரு' படத்தில் கொழுத்த, மகிழ்ச்சியான ஆண்கள் குவளையோடு சிரிக்கிறார்கள். குடித்தது இரு பாலரும். சீரழிவுக்கு முகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் பெண்.

சோழமண்டலக் கரையிலிருந்து போன சொற்கள்

ஹன்னா வூலியின் பஞ்ச் எங்கிருந்து வந்தது? அந்தச் சொல் எழுத்தில் பதிவான மிகப் பழைய இடங்களில் ஒன்று 1632ஆம் ஆண்டின் கடிதம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர், சோழமண்டலக் கரையில் இன்று நிஜாம்பட்டினம் எனப்படும் பேட்டப்பொலியில் இருந்த தன் சகாவுக்கு எழுதியது. ஐந்து என்ற பொருள்தரும் வடசொல்லான 'பஞ்ச'விலிருந்து இது வந்தது என்பது பரவலான விளக்கம். சாராயம், புளிப்பு, சர்க்கரை, தண்ணீர், மசாலை என ஐந்து பொருள்கள். இந்த விளக்கத்தை ஏற்காத சொல்லாய்வாளர்களும் உண்டு. சொல்லின் வேர் எதுவானாலும் பானத்தின் வேர் இங்கேதான். கப்பலில் வந்த பீரும் திராட்சை மதுவும் வெப்பக் கடலில் கெட்டுப்போயின. கரையில் கிடைத்தது அரக்கு என்று அவர்கள் அழைத்த பனஞ்சாராயமும் தென்னஞ்சாராயமும் அரிசிச் சாராயமும். தனியே குடித்தால் தொண்டையைச் சுட்ட அந்தச் சரக்கை எலுமிச்சையாலும் சர்க்கரையாலும் ஜாதிக்காயாலும் பழக்கப்படுத்தினார்கள். பின்னாளில் வந்த காக்டெய்ல்களில் பலவும் வலியது, புளிப்பு, இனிப்பு, நீர், மணம் என்ற இந்த ஐந்தின் கணக்கிலேயே நிற்கின்றன.

இலையுதிர்காலத்தின் இன்னொரு பெயர்பெற்ற பானம் ஹாட் டாடி. 50 மில்லி விஸ்கி, ஒரு கரண்டி தேன், சிறிது எலுமிச்சைச் சாறு, இரண்டு கிராம்பு, மேலே 150 மில்லி சுடுநீர். சளி பிடித்தால் ஸ்காட்லாந்துப் பாட்டி தரும் கஷாயம் அது. டாடி என்பது தாடி என்ற இந்திச் சொல்லின் மருவல். தாடி என்றால் பனங்கள். நம் கரையோரத்துப் பனைமரத்தின் பாளையில் சொட்டிய வெண்மையான, குளிர்ச்சியான, கோடைக்கு உகந்த கள், வடகடலுக்குப் போய்ச் சூடான குளிர்காலக் கோப்பைக்குப் பெயராகிவிட்டது.

பனை என்றதும் மரமேறியின் உருவமே நம் மனத்தில் எழும். அவன் இறக்கிய பதநீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, அனலோடு மல்லாடி, பதம் தப்பாமல் கிளறி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கியவள் அவன் மனைவி. பதநீர் வெயில் ஏறினால் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதால் அவளுக்கு நேரம் தவறக் கூடாது. பனைத்தொழிலைப் பற்றிய பேச்சுகளில் இந்த அடுப்பு கடைசியாகவே வருகிறது.

பஞ்சின் இனிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரிட்டனில் அந்தக் கிண்ணத்தில் கரைந்த சர்க்கரை கரீபியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்தது. 1791இல் சர்க்கரைப் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியபோது அதைத் தாங்கியவர்கள் பெண்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை. வீட்டுச் சர்க்கரை டப்பாவின் சாவி அவர்களிடம் இருந்தது. 1824இல் எலிசபெத் ஹேரிக், அடிமைமுறையைப் படிப்படியாக அல்ல, உடனே ஒழிக்க வேண்டும் என்று துண்டறிக்கை எழுதி அந்தப் புறக்கணிப்பை மீண்டும் வலியுறுத்தினார். கலவையில் எதைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்வதும் கலக்குபவளின் அரசியல்தான்.

மேடைக்குப் பின்னால் ஒரு பெண்

1862இல் நியூயார்க்கில் ஜெர்ரி தாமஸின் பார்டெண்டர் வழிகாட்டி வெளியானது. அச்சில் வந்த முதல் பார்டெண்டர் நூலாக அது கொண்டாடப்படுகிறது. பஞ்ச், டாடி, ஸ்லிங் என வீட்டுக்குள் கலக்கப்பட்ட பானங்கள் பலவும் அதில் உண்டு. ஆனால் இப்போது அவை ஒரு தொழிலின் ரகசியங்கள். அந்தத் தொழிலுக்கு மேடை உண்டு, பார்வையாளர்கள் உண்டு, நட்சத்திரங்கள் உண்டு. நட்சத்திரங்கள் ஆண்கள்.

விதிவிலக்காக வந்தவர் ஏடா கோல்மன். 1899இல் லண்டனின் கிளாரிட்ஜஸ் ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். 1903இல் சவாய் ஹோட்டலின் அமெரிக்கன் பாருக்கு வந்து தலைமை பார்டெண்டர் ஆனார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மேடையை ஆண்டார். வாடிக்கையாளர்கள் அவரைச் செல்லமாகக் கோலி என்றார்கள். நடிகர் சார்லஸ் ஹாட்ரி வேலைக் களைப்போடு வருவார், உறைப்பாக ஏதாவது கொடு என்பார். அவருக்காகப் பல மணி நேரம் முயன்று கோல்மன் உருவாக்கியதுதான் ஹாங்கி பாங்கி. ஒரே சுவாசத்தில் குடித்து முடித்த ஹாட்ரி வியந்து சொன்ன சொல்லே அதற்குப் பெயரானது என்று கோல்மன் 1925இல் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்.

இலையுதிர்காலத்துக்கு ஒரே ஒரு காக்டெய்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஜின் 45 மில்லி, இனிப்பான இத்தாலிய வெர்மூத் 45 மில்லி, ஃபெர்னெட் பிராங்கா இரண்டு துளிவீச்சு. பனிக்கட்டியோடு கரண்டியால் சுழற்றி, வடிகட்டி, ஆரஞ்சுத் தோலை மேலே முறுக்கி அதன் எண்ணெயைத் தெளிக்க வேண்டும். ஃபெர்னெட் என்பது மிலான் நகரத்தின் கன்னங்கரிய மூலிகைக் கசப்பு. வாசனையில் கஷாயத்துக்குச் சொந்தம். ஜின்னும் வெர்மூத்தும் சரிபாதியாகச் சேர்ந்தால் இனிப்பு தூக்கலாகும் அபாயம் உண்டு. அந்த இரண்டு துளிக் கசப்பு அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு துளி கூடினால் மருந்து, குறைந்தால் பாகு. கோல்மனின் திறமை முழுவதும் அந்த இரண்டு துளியில் இருக்கிறது.

சவாய் பார் 1920களின் நடுவில் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. திறந்தபோது கோல்மனும் அவரோடு வேலை செய்த ரூத் பர்ஜெஸும் அங்கே இல்லை. ஹாரி கிராடக் தலைமைக்கு வந்தார். 1930இல் வெளியான சவாய் காக்டெய்ல் நூல் இன்றும் தொழிலின் வேதம். அட்டையில் கிராடக்கின் பெயர். உள்ளே ஹாங்கி பாங்கி. அந்த மேடைக்குத் தலைமை ஏற்க அடுத்த பெண் வந்த ஆண்டு 2021.

கோல்மன் சவாயில் புகழோடு இருந்த அதே ஆண்டுகளில், எளிய மதுக்கடைகளில் குவளை ஊற்றிய ஆயிரக்கணக்கான பெண்களின் வேலையைப் பறிக்க முயற்சி நடந்தது. 1908ஆம் ஆண்டின் மது உரிம மசோதாவில், மதுக்கடைகளில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்க வழிசெய்யும் பிரிவு இருந்தது. அதை ஆதரித்தவர்களில் மதுவிலக்கு இயக்கத்துப் பெண்களும் உண்டு. அந்த வேலை பெண்ணின் ஒழுக்கத்துக்கு ஆபத்து என்பது அவர்கள் வாதம். எதிர்த்து எழுந்தவர்கள் கவிஞர் ஈவா கோர்-பூத்தும் அவருடைய வாழ்நாள் தோழி எஸ்தர் ரோப்பரும். மதுக்கடைப் பெண்களுக்காக அவர்கள் ஓர் அரசியல் பாதுகாப்பு அமைப்பையே தொடங்கினார்கள். மான்செஸ்டர் வடமேற்குத் தொகுதி இடைத்தேர்தலில் மசோதாவைக் கொண்டுவந்த கட்சியின் வேட்பாளர் வின்ஸ்டன் சர்ச்சில். ஈவாவின் அக்கா கான்ஸ்டன்ஸ் மார்க்கியேவிச் நான்கு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியைத் தானே ஓட்டி வந்து அவருக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார். சர்ச்சில் தோற்றார். மசோதா மேலவையில் வீழ்ந்தது. ஈவா தன் வாழ்வின் ஒரு பெரும் பகுதியைக் குவளை ஊற்றும் பெண்களுக்காகவும் பூ விற்கும் பெண்களுக்காகவும் செலவிட்டதைக் கவிதை எழுதும் பெண்ணாக நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வேலை ஆபத்தானது என்றால் ஆபத்தை நீக்கு, வேலையை நீக்காதே என்பதே அவர்களுடைய அரசியலின் சாரம்.

பாதுகாப்பு என்னும் பூட்டு

அந்த வாதம் லண்டனோடு முடியவில்லை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் களத்துக்குப் போனதும் மதுக்கூடங்களில் பெண்கள் கலக்கினார்கள். போர் முடிந்த 1945இல் மிச்சிகன் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் பெண்கள் பார்டெண்டர் உரிமம் பெற முடியாது. கடையின் ஆண் உரிமையாளருக்கு மனைவியாகவோ மகளாகவோ இருந்தால் மட்டும் பெறலாம். டியர்பார்ன் நகரில் சொந்தமாக மதுக்கூடம் வைத்திருந்த வாலன்டைன் கோசார்ட்டும் அவருடைய மகளும் தங்கள் சொந்தக் கடையில் கோப்பை கலக்க முடியாமல் போனது. வழக்கறிஞர் ஆன் டேவிடோ மூலம் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1948இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார்கள்.

தீர்ப்பு எழுதிய நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர், ஷேக்ஸ்பியர் காலத்துக் கலகலப்பான மதுக்கடைப் பெண்ணை நினைவுகூர்ந்துவிட்டு, கணவனோ தகப்பனோ கண்காணித்தால் ஆபத்து குறையும் என்று சட்டமன்றம் கருதலாம் என்றார். மாறுபட்ட நீதிபதி ரட்லெஜ் ஓட்டையைச் சுட்டினார். ஆண் உரிமையாளர் கடைப்பக்கமே வராவிட்டாலும் அவர் மனைவி வேலை செய்யலாம். பெண் உரிமையாளர் பாதுகாப்புக்கு ஓர் ஆணை நிறுத்தினாலும் வேலை செய்ய முடியாது. அதே கடையில் மேசை மேசையாகக் குவளை சுமக்கும் பரிமாறுபவளாக ஒரு பெண் இருப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. குடித்தவர்களுக்கு மிக அருகில் போகும், கூலி குறைந்த அந்த வேலையில் அவளுக்கு ஆபத்து இல்லையாம். மேடைக்குப் பின்னால், கூலி கூடிய இடத்தில்தான் ஆபத்து. 1971இல் கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் தன் மாநிலத்தின் இத்தகைய தடையை நீக்கியது. 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கோசார்ட் தீர்ப்பின் அடிப்படையைக் கைவிட்டது.

இந்தியாவில் 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டம் 30ஆம் பிரிவின்படி, பொதுமக்கள் மது அருந்தும் இடங்களில் பெண்களையும் 25 வயதுக்குட்பட்ட ஆண்களையும் வேலைக்கு வைக்கத் தடை இருந்தது. டெல்லியிலும் அது நடைமுறையில் இருந்தது. ஹோட்டல் நிர்வாகம் படித்து வந்த பெண்கள் படித்த தொழிலைச் செய்ய முடியவில்லை. 2007 டிசம்பரில், அனுஜ் கார்க் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. பெண்ணின் பாதுகாப்பை உறுதிசெய்வது அரசின் கடமை. அதற்காக அவளுடைய வேலைவாய்ப்பைச் சுருக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் அடிநாதம். 93 ஆண்டுகள் நின்ற பூட்டு அது.

இலங்கையில் 1979ஆம் ஆண்டின் விதிப்படி பெண்களுக்கு மது விற்கக் கூடாது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். தென்னங்கள்ளிலிருந்து உலகப் புகழ்பெற்ற அரக்கை வடிக்கும் நாடு அது.

ஈரோட்டுப் பெண்களும் நானும்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கசப்புக்கு வருகிறேன். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் நாகம்மையும் கண்ணம்மாவும். ஆண் தலைவர்கள் சிறையில் இருந்தபோது தெருவில் நின்றவர்கள் அவர்கள். நூறு ஆண்டுகள் கழித்தும் தமிழகத்தில் டாஸ்மாக் கடைகளுக்கு முன் உட்கார்ந்து போராடுபவர்கள் பெண்கள்தான். 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் கையில் இருக்கிறது. கணவனின் கூலி கடைக்குள் போவதையும் அது அடியாகத் திரும்பி வருவதையும் ஒருங்கே பார்ப்பவள் மனைவி. இந்தப் பெண்களிடம் போய் ஏடா கோல்மனின் இரண்டு துளிக் கசப்பைப் பற்றி எப்படிப் பேசுவது என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

இரண்டு போராட்டங்களும் எதிரெதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை. நாகம்மையும் கண்ணம்மாவும் மறித்தது கடையை. டியர்பார்னில் வாலன்டைன் கோசார்ட் திறக்கச் சொன்னது தன் தொழிலின் கதவை. மதுவால் பெண் படும் துன்பத்துக்கு அவளை மதுக்கூடத்தின் வேலையிலிருந்து விலக்குவது தீர்வாகாது என்று 1908இல் ஈவா சொன்னார். பெண்ணை மேடையிலிருந்து இறக்கிய மிச்சிகனின் சட்டம் அங்கே எந்த ஆணின் குடியையும் ஒரு கோப்பைகூடக் குறைக்கவில்லை. குடும்ப வன்முறையைத் தடுக்கவில்லை. ஒரு பெண்ணின் சம்பளத்தை மட்டும் நிறுத்தியது. பாதுகாப்பின் பெயரால் வரும் எந்த விதியையும் நாம் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்: அது யாருடைய கையைக் கட்டுகிறது, அடிப்பவனுடையதையா, உழைப்பவளுடையதையா?

மது வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு உண்டு. அந்த உரிமைக்காக நம் பாட்டிகள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். மதுவைக் காய்ச்சவும் கலக்கவும் விற்கவும், அந்தத் திறமைக்குக் கூலியும் பெயரும் பெறவும் உரிமை உண்டு. அதற்காக வேறு ஊர்ப் பெண்கள் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். இரண்டையும் முடிவு செய்ய வேண்டியவள் அவளே. கணவனின், தகப்பனின், அரசின் கண்காணிப்பில் அவை தீர்மானிக்கப்படும்வரை இரண்டு போராட்டமும் மிச்சமிருக்கும்.

கள் காய்ச்சிய பெண்களின் வட்டில் கழுவிய நீரைப் பார்த்து எழுத உருத்திரங்கண்ணனாருக்குத் தோன்றியது. அவர்களின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. ஐப்பசி மழையில் உங்கள் வீட்டில் மருந்து கிளறும் கையிடம் அளவையும் பதத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். எழுதும்போது முதல் வரியில் அவர் பெயரைப் போடுங்கள்.